கார்ப் மாற்றும்போது ஒயரிங்கையும் தொடலாமா? வாசகர் கேள்வி – பதில்

பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே கார்புரேட்டரையும் ஒயரிங்கையும் பற்றித்தான். அதனால் டயர், கூரை ஒழுகல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சார், என்னுடையது 1973 மாடல் ஃபோக்ஸ்வாகன் டைப் 2. 1600 சி.சி. ஏர் கூல்டு இன்ஜின். சோலெக்ஸ் கார்பில் த்ராட்டில் ஷாஃப்ட் (காற்றுத் தட்டைத் திருப்பும் தண்டு) தேய்ந்து ஆடுகிறது, மாற்றுவதற்குப் புது கார்ப் வாங்கி வைத்திருக்கிறேன். இன்ஜின் அறையில் ஒயர்கள் தொட்டாலே உதிர்கின்றன. இரண்டு நாள் லீவு போட்டு மொத்த ஒயரையும் பிடுங்கிப் புதுசு போட்டு, கார்பையும் மாற்றிவிடலாமா?

இரண்டையும் செய்யுங்கள், ஆனால் ஒன்றாகச் செய்யாதீர்கள். ஒயரும் புதுசு, கார்பும் புதுசு, சாவியைத் திருப்புகிறீர்கள், வண்டி எடுக்கவில்லை என்றால் எங்கே போய்த் தேடுவீர்கள்? கரண்ட் வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கார்ப் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா என்று ராத்திரி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதலில் பழைய கார்ப் மேலேயே இருக்கட்டும், ஒயரிங்கை மட்டும் முடியுங்கள். முடித்ததும் வண்டி முன்பு எவ்வளவு மோசமாக ஓடியதோ அதே அளவு மோசமாக ஓட வேண்டும். ஓடினால் ஒயரிங் பாஸ். அதற்கப்புறம் கார்பைக் கழற்றுங்கள்.

பயப்படும் அளவுக்கு அங்கே ஒயர்களும் இல்லை. முன்னாலிருந்து, ப்ளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலின் 15-ஆம் டெர்மினலுக்கு (இணைப்பு முனைக்கு) ஒரு கறுப்பு ஒயர் வருகிறது, சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயர் அது. அதிலிருந்துதான் ஆட்டோமேட்டிக் சோக்குக்கும் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்து, சூடானதும் தானாகத் திறக்கும் தட்டு), கார்பின் பக்கவாட்டில் இருக்கும் ஐடில் சாலிநாய்டுக்கும் (கரண்ட் வந்தால் திறக்கும் சின்ன பெட்ரோல் வால்வு) கிளை பிரிகிறது, ரிவர்ஸ் லைட்டுக்கான கரண்டையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள். காயிலின் 1-ஆம் டெர்மினலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டுக்கு (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று, ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு ஒன்று, டைனமோவோ ஆல்டர்னேட்டரோ அதற்கு ஒரு தடித்த சிவப்பும் சார்ஜ் லைட்டுக்கு ஒரு நீலமும், கீழே ஸ்டார்ட்டரில் 30-உம் 50-உம். அவ்வளவுதான். இந்த எண்கள் டின் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக, 15 என்றால் சாவி வழியாக, 31 என்றால் எர்த், 50 என்றால் ஸ்டார்ட்டருக்கு.

கழற்றும்போது ஒவ்வொரு முனையிலும் பேப்பர் டேப் ஒட்டி இந்த எண்ணை எழுதிவையுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். ஜெர்மன் வண்டியில் எர்த் ஒயர் பிரவுன், ஆனால் ஐம்பது வருஷ எண்ணெயிலும் புழுதியிலும் ஊறியபின் எல்லா ஒயருமே பிரவுன்தான்! போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு.

வண்டிகளுக்கென்று வரும் மெல்லிய பல இழை ஒயரை வாங்குங்கள். வீட்டு ஒயரிங்குக்கான கம்பி ஆட்டத்தில் முறிந்துவிடும். காயில், சோக், சாலிநாய்டுக்கு 1.5 சதுர மி.மீ. போதும், சார்ஜிங் ஒயரை மட்டும் பழையதைவிட மெலிதாகப் போட்டுவிடாதீர்கள். முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா (முனையை ஒயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைப்பது) என்று கேட்டால் என் ஓட்டு கிரிம்புக்கு. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும், ஈயம் முடியும் இடத்தில் இன்ஜின் ஆட்டத்துக்கு அது முறியும், அதுவும் உள்ளுக்குள்ளேயே, வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். நல்ல கிரிம்பிங் கருவி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கையால் இழுத்துப் பாருங்கள், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், ரோட்டில் வருவதைவிட மேல்.

இன்னொன்று. பல பழைய வண்டிகளில் காயிலுக்கு வரும் அந்தக் கறுப்பு ஒயருக்கு ஃப்யூஸே கிடையாது. என் வேனில் சோக் ஒயரை அலட்சியமாகத் தொங்கவிட்டிருந்தேன், அது எக்ஸாஸ்ட்டில் சாய்ந்து உருகி ஷார்ட் ஆனது, புகை வந்ததோ இன்ஜினிலிருந்து அல்ல, முன்னால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து! ஒயர் பூரா சூடாகிக்கொண்டே போயிருக்கிறது. அன்றிலிருந்து சோக், சாலிநாய்டு கிளைக்கு காயில் பக்கத்திலேயே ஒரு 8 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்துவிடுகிறேன். தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் கிராமெட் கட்டாயம்.

வண்டிக்கடியில் படுத்த கையோடு கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பின்னல் எர்த் பட்டையையும் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை அற்றுப்போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடும், அகப்படுவது ஆக்சிலரேட்டர் கேபிள். ஸ்டார்ட் செய்தபின் கேபிள் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் இதுதான்.

கேள்வி: புது கார்ப் போட்டேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஐடில் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பியும் பலனில்லை. டிபெக்ட் பீஸா?

கார்பைத் திருப்பி அனுப்புமுன் ஒரு நிமிஷ வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் ஆன் செய்து, சாலிநாய்டு ஒயரைக் கழற்றி மறுபடி தொடவையுங்கள். ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். கரண்ட் இருந்தும் டிக் இல்லையென்றால் சாலிநாய்டு போயிற்று, கரண்டே இல்லையென்றால் நீங்கள் அதை எங்கோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லது கொடுக்கவே இல்லை. பழைய கார்பில் ஒரு ஒயர்தானே இருந்தது என்று அதை சோக்கில் மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

சாவியை அணைத்தபிறகும் சூடான இன்ஜின் ‘டொக் டொக்’ என்று தானாக ஓடிக்கொண்டிருக்காமல் ஐடில் பெட்ரோலை அடைப்பதுதான் அதன் வேலை. கரண்ட் இல்லாவிட்டால் எப்போதும் அடைத்தே இருக்கும், வண்டி ஐடிலில் எப்படி ஓடும்? அதன் முனை ஊசியை வெட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அணைத்தாலும் நிற்காத வண்டிதான் கிடைக்கும். த்ராட்டில் ஸ்டாப்பை முறுக்கி ஐடிலிங்கை ஏற்றுவதும் வேண்டாம், த்ராட்டில் தட்டு அதற்கான இடத்தைத் தாண்டித் திறந்து நின்றால் வேகமெடுக்கும்போது திணறும்.

டிக் சத்தம் நன்றாகவே வருகிறது என்றால் ஐடில் ஜெட்டில் தூசி, இல்லாவிட்டால் மானிஃபோல்டில் காற்று இழுக்கிறது. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் சோக் திறக்கவே மாட்டேன் என்கிறது. பத்து நிமிஷம் ஓடினாலும் கறுப்புப் புகை. இன்ஜின் ஓடும்போது சோக் ஒயரில் மீட்டர் வைத்தால் 7 வோல்ட்தான் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. காயில் பிளஸ்ஸிலிருந்துதான் எடுத்தேன்.

உங்கள் வேன் எந்த கம்பெனி என்று எழுதவில்லை, ஆனால் பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் மின்தடை) உள்ள வண்டி என்று அந்த 7 வோல்ட் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகனில் காயிலுக்கு முழு 12 வோல்ட் போகும், ஆனால் அக்காலத்து வேன்கள் சிலவற்றில் நடுவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அல்லது ஒயரிங் கிட்டுக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் ஒயரை ஓட்டியிருப்பார்கள், பார்த்தால் சாதாரண ஒயர் போலவே இருக்கும். ரெசிஸ்டருக்கு முன்னால், சாவி பக்கத்திலிருந்து சோக்குக்குக் கரண்ட் எடுங்கள். சோக்குக்குள் இருக்கும் இரட்டை உலோகச் சுருள் சூடானால்தான் தட்டு திறக்கும், 7 வோல்ட்டுக்கு அதில் சூடு ஏறாது.

இதைச் சோதிக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் திறந்த நிலையில் இருந்தால் காயிலில் கரண்டே ஓடாது, ரெசிஸ்டருக்கு முன்னாலும் பின்னாலும் 12 வோல்ட்டே காட்டும், ‘பேலஸ்ட் இல்லை’ என்று எழுந்து போய்விடுவீர்கள். காயிலின் மைனஸை (அந்த 1-ஆம் டெர்மினலை) ஒரு ஒயரால் எர்த்தோடு சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள், சில நொடிகள் மட்டும்.

கேள்வி: 2 லிட்டர் இன்ஜின், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருந்தது. தொல்லை தாங்காமல் இரட்டை கார்புக்கு மாறுகிறேன். பழைய பெட்ரோல் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா? இன்ஜெக்‌ஷன் ஒயர்களை வெட்டிவிடலாமா?

இரண்டுக்கும் வேண்டாம்.

அது பாஷ் கம்பெனியின் எல்-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்‌ஷன். அதன் பம்ப் சுமார் 2.5 பார் அழுத்தத்தில் தள்ளும். கார்புக்கு 0.2 பார் போதும். பழைய பம்பை இணைத்தால் கார்பின் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் பொங்கி சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்றால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கார்புக்கென்று உள்ள குறைந்த அழுத்தப் பம்பை டேங்க் பக்கத்தில், டேங்க்கைவிடத் தாழ்வாகப் பொருத்துங்கள், இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி. இன்ஜெக்‌ஷனுக்காக இருந்த ரிட்டர்ன் குழாயை டேங்க்கில் ஒழுங்காக அடைக்க வேண்டும்.

ஒயரிங் பக்கம் வருவோம், இங்கேதான் உயிர் போகும் விஷயம் இருக்கிறது. எல்-ஜெட்ரானிக்கில் இன்ஜின் காற்றை இழுக்கும்போது ஏர் ஃப்ளோ மீட்டரின் தட்டு அசைந்து ஒரு சுவிட்சைப் போடும், அது வழியாகத்தான் பம்ப் ஓடும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். மீட்டரைக் கழற்றியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. பலர் பம்பை நேராக 15-ஆம் ஒயரில் இணைத்துவிடுகிறார்கள். வண்டி எதிலாவது மோதி இன்ஜின் நின்று, ஹோஸ் அறுந்து, சாவி மட்டும் ஆனில் இருந்தால் பம்ப் பாட்டுக்குச் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காயில் மைனஸிலிருந்து துடிப்பு வரும்வரை மட்டும் ஒட்டியிருக்கும் ஃப்யூயல் பம்ப் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) தனியாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ரிலேயின் 30-ஆம் டெர்மினலுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, 87-ஆம் டெர்மினலிலிருந்து பம்புக்கு. மோதினால் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்சும் சேர்ந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், கேம்பர் வேனில் இன்ஜின் மேலேயேதானே தூங்குகிறோம். பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதுசாக்குங்கள், பார்த்து முடிவுசெய்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் ஒயரிங் பெரும்பாலும் தனிக் கிட். கத்தரிக்கோலை எடுக்காமல் ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றி முழுசாக வெளியே எடுத்து, எண் போட்டு ஒரு டப்பாவில் வையுங்கள். நாளை நீங்களோ வண்டியை வாங்குகிறவரோ திரும்பப் போட நினைக்கலாம். என்னைக் கேட்டால், அந்தத் ‘தொல்லை’யில் பாதி வெடித்த வேக்கம் ஹோஸும் துருப்பிடித்த எர்த்தும்தான், கழற்றுமுன் அதைப் பார்த்தீர்களா?

கேள்வி: கார்ப் மாற்றியபின் சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது, நன்றாக ரேஸ் செய்தால்தான் அணைகிறது. பின்னால் லைட், ஃபிரிட்ஜுக்கு இருக்கும் இரண்டாவது பேட்டரியும் சரியாக ஏறுவதில்லை. சோக்குக்கு ஆல்டர்னேட்டரின் நீல ஒயரிலிருந்து எடுத்தேன், இன்ஜின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரட்டும் என்று.

யோசனை நல்ல யோசனைதான், இடம்தான் தப்பு. அந்த நீல ஒயர் வழியாக, டாஷ்போர்டில் இருக்கும் சின்ன பல்பைத் தாண்டி வரும் கொஞ்சக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அதைப் போய் சோக் குடித்துவிட்டால் ஆல்டர்னேட்டர் எப்படி விழிக்கும்? இரண்டாவது பேட்டரியை இணைக்கும் ரிலேயும் வழக்கமாக அதே நீல ஒயரைப் பார்த்துத்தான் ஒட்டும், அதனால் அதுவும் படுத்துவிட்டது. சோக்கை அங்கிருந்து கழற்றி 15-க்கு மாற்றுங்கள். அப்படியே இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவில் ஓடும் தடித்த ஒயரின் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு முனையில் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறதே.

கேள்வி: இதே கையோடு பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டுவிடவா?

முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள். கார்ப் செட் ஆகி ஒரு மாதம் ஓடட்டும், அப்புறம் போடுங்கள். போட்டபின் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு ரேடியோ கேட்காதீர்கள், பாயிண்ட்டுக்குப் பதிலாக வரும் மாட்யூல் வெந்துவிடும்.