வெளிநாட்டில் எந்த ஊர்? இரண்டாவது வேலையை நினைத்து முடிவெடுங்கள்

வெளிநாடு போவது என்று முடிவாகிவிட்டது. எந்த நாடு என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எந்த ஊர் என்று கேட்டால்தான் பலருக்குப் பதில் வருவதில்லை. அட்மிஷன் கிடைத்த ஊர், நண்பன் இருக்கிற ஊர், யூடியூபில் பார்த்துப் பிடித்துப்போன ஊர் என்று எதையாவது சொல்வார்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அங்கே முதல் வேலை போய்விட்டால், அதே ஊரில் இரண்டாவது வேலை கிடைக்குமா?

கிளம்பும்போதே ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று சில பெற்றோர் வருத்தப்படுவார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் இது. கம்பெனி ஸ்பான்சர் செய்த விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்களை எண்ண வேண்டியதுதான். அமெரிக்காவில் எச்-1பி விசா என்றால் அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனிலும் வழக்கமாக 60 நாள். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான். நெதர்லாந்தில் மூன்று மாதம் தருகிறார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இந்த அவகாசத்தை 180 நாளாக உயர்த்தியது. இதற்குள் விண்ணப்பித்து, இன்டர்வியூ முடித்து, புதிய கம்பெனி உங்களுக்கான விசா வேலையையும் தொடங்கியாக வேண்டும். உங்கள் துறையில் அந்த ஊரில் ஒரே ஒரு கம்பெனிதான் என்றால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

ஜெர்மனியின் கார் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். வொல்ஃப்ஸ்பர்க் என்ற ஊரே 1938-ல் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்காக உருவானது. அங்கே வேலை கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் அது போனால் ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் பென்ஸ், போர்ஷே, பாஷ் மூன்றும் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் நிறைய. வாடகை அதிகம்தான், இருந்தாலும் என் வாக்கு ஸ்டுட்கார்ட்டுக்கு. சரி, கார் துறையே மொத்தமாகத் தள்ளாடினால்? இப்போது அங்கே ஆட்குறைப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்போது ஸ்டுட்கார்ட்டும் கைகொடுக்காமல் போகலாம். மியூனிக்கில் பிஎம்டபிள்யூவோடு சீமென்ஸ், அலையன்ஸ் இன்சூரன்ஸ், சாஃப்ட்வேர் கம்பெனிகள் என்று பல துறைகள் ஒரே ஊரில் இருக்கின்றன. உங்கள் படிப்பு இரண்டு துறைகளுக்குப் பயன்படும் என்றால், இரண்டுமே உள்ள ஊர் உங்களுக்கு நல்லது.

இதற்காகப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தில் கால்வே சின்ன ஊர். ஆனால் மெட்ரானிக், பாஸ்டன் சயன்டிஃபிக் உட்பட மருத்துவக் கருவி செய்யும் கம்பெனிகள் அங்கே கூட்டமாக இருக்கின்றன. பயோமெடிக்கல் படித்தவருக்கு டப்ளினைவிட கால்வே பொருத்தமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கூகுள், மெட்டா மாதிரி இடங்களைத் தேடுகிறவருக்கு டப்ளின்தான்.

இதை வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். லிங்க்டினில் நீங்கள் தேடும் வேலையின் பெயரையும் ஊரையும் போட்டு, கடந்த ஒரு மாதத்தில் வந்த விளம்பரங்களை மட்டும் எடுங்கள். எத்தனை விளம்பரம் என்று எண்ண வேண்டாம். எத்தனை கம்பெனி என்று எண்ணுங்கள். ஒரே ஆளெடுப்பு ஏஜென்சி ஒரே வேலையை நான்கு முறை போட்டிருக்கும். அப்புறம் அனுபவம் கேட்கும் வரியைப் படியுங்கள். ஐந்து வருடம் கேட்பதையெல்லாம் தள்ளிவிடுங்கள். மிச்சமிருப்பவற்றில் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். பெர்லின் ஸ்டார்ட்அப்களில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தே வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதே நாட்டில் வேறொரு ஊரில், அதே வேலைக்கான விளம்பரம் முழுக்க ஜெர்மனில் இருக்கும். அந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மொழி படிக்கும் காலத்தையும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, மிஞ்சிய கம்பெனிகள் வெளிநாட்டவருக்கு ஸ்பான்சர் செய்யக்கூடியவையா என்று பாருங்கள். பிரிட்டனும் நெதர்லாந்தும் ஸ்பான்சர் உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியலை அரசுத் தளத்திலேயே வெளியிடுகின்றன. யாரிடமும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், இரண்டு ஊர்களை ஒப்பிட்டுவிடலாம். ஏஜென்டுகள் சொல்வதை நம்புவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

'வாழத் தகுந்த நகரங்கள்' பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். எகனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலில் 2022 முதல் 2024 வரை வியன்னா முதலிடம். அதற்கு முன்னால் மெல்பர்ன் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அந்தப் பட்டியல் பாதுகாப்பு, மருத்துவம், கலாசாரமும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு ஆகியவற்றைப் பார்க்கிறது. வாடகையைப் பார்ப்பதில்லை. வியன்னாவில் மாநகராட்சி வீடுகள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கவே அந்த ஊரில் இரண்டு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் கட்டுப்படுத்தப்பட்ட வாடகை வீட்டுக்குப் பல வருட வரிசை. அதாவது ஊர்க்காரர்கள் கொடுக்கும் வாடகை வேறு, புதிதாகப் போய் இறங்கும் நீங்கள் கொடுக்கப்போகும் வாடகை வேறு. சராசரி வாடகை என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் இதை நினைவில் வையுங்கள். இன்றைக்குக் காலியாக இருக்கும் ஷேரிங் ரூமின் வாடகையைப் பாருங்கள், அதுதான் உங்கள் கணக்கு.

வீட்டைப் பற்றி இன்னொன்று. ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பதிவு செய்தால்தான் வரி எண் வரும். வரி எண் இல்லாமல் வேலையில் சேர்ந்தால் சம்பளத்தில் உச்ச அளவு வரியைப் பிடிப்பார்கள். அப்புறம் திரும்ப வரும் என்றாலும் முதல் மாதத்தில் அது பெரிய அடி. குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் பல ரூம்களில் இந்தப் பதிவுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே வாடகையைக் கேட்பதற்கு முன்பே "இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். வீட்டை நேரிலும் காட்டாமல், வீடியோ அழைப்பில்கூடக் காட்டாமல் டெபாசிட் கேட்கிறவருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்.

நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை (பிஆர்) மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஊர் இன்னும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நீங்கலாக மற்ற இடங்கள் எல்லாம் 'ரீஜனல்' கணக்கில் வருகின்றன, பெர்த்தும் அடிலெய்டும்கூட. அங்கே விசாவுக்குத் தகுதியைப் புள்ளி போட்டுத்தான் பார்க்கிறார்கள்; மாநில அரசின் நாமினேஷனுக்கு (பரிந்துரைக்கு) 190 விசாவில் 5 புள்ளி என்றால், ரீஜனல் பகுதிக்கான 491 விசாவில் 15 புள்ளி. சுரங்கத் துறைக்குப் படித்தவர் பெர்த்துக்குப் போனால் வேலையும் உண்டு, புள்ளியும் உண்டு. கனடாவில் ஒரு மாகாணம் உங்களை நாமினேட் செய்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் தேர்வு முறையில் 600 புள்ளி சேரும். ஆனால் புள்ளிக்காக மட்டும், துறையே இல்லாத ஊருக்குப் போகாதீர்கள். 491-ல் ரீஜனல் பகுதியிலேயே மூன்று வருடம் வாழ்ந்து காட்ட வேண்டும். விருப்பமில்லாத வேலையில் கழியும் மூன்று வருடம் இருபதுகளில் மிகப் பெரிய விலை. விதிகளும் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அங்கே நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார்" என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரத்துக்கு அது நிஜமான உதவி. அந்த இரண்டு வாரத்துக்காகப் பிள்ளையின் அடுத்த ஐந்து வருடத்தை அந்த ஊரில் கட்டிப்போடாதீர்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறொன்று இருக்கிறது. மூன்று மாதச் செலவும் திரும்பி வர டிக்கெட்டும் ஆகிற பணத்தை யாரும் தொடாத கணக்கில் போட்டு வையுங்கள். அந்தப் பணம் இருந்தால் பிள்ளை பயத்தில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ளாது. குளிர்காலத்தைப் பற்றியும் பேசுங்கள். டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, எடின்பரோவில் ஏழு. தனியாக ரூமில் இருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமே இல்லை. மனம் சோர்ந்தால் வெளிப்படையாகச் சொல்லும் பழக்கம் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இரண்டு ஊர்கள் சமமாக நின்றால், மாறிக்கொள்ளச் சுலபமான ஊரை எடுங்கள். படிப்பு முடித்தபின் கிடைக்கும் பிரிட்டனின் கிராஜுவேட் விசாவில் நாட்டுக்குள் எந்த ஊருக்கும் போய் வேலை தேடலாம். ஐரோப்பிய ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வாங்கி 12 மாதம் ஆனால், அந்தத் திட்டத்தில் உள்ள வேறொரு நாட்டுக்கும் மாற வழி இருக்கிறது. முதல் வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போடாமல் இரண்டு மூன்று மாதத்துக்கு எடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வேலை எந்தப் பக்கம், ரயில் எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.