மதுரை அணி, லூதியானா மைதானம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறாள். பெண்கள் லீக் பற்றி வீட்டில் பேச்சு வந்தாலே என் கணவர், “ஆள் வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? கிரிக்கெட்டில் மகளிர் பிரீமியர் லீக்கில் முதல் வருஷம் பெண்களுக்கு டிக்கெட்டே இலவசம். அப்படி என்ன கட்டாயம்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஒரு கடமையாக நினைத்தாவது பார்க்க வேண்டுமா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

கடமைக்காகப் பார்க்காதீர்கள். கடமைக்குப் பார்க்கிறவர் இரண்டு ஆட்டம் பார்ப்பார். மூன்றாவதன்று யாராவது ஒரு சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வந்துவிடும்.

‘ஆள் வரவில்லை’ என்கிறாரே உங்கள் கணவர், வர வழி இருந்ததா என்று முதலில் பார்ப்போம். 2019 மே மாதம் இந்திய மகளிர் கால்பந்து லீக் கோப்பையை வென்றது உங்கள் ஊர் அணி, சேது எஃப்.சி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்தினார்கள். ஆடிய இடம் பஞ்சாபிலுள்ள லூதியானா. இறுதி ஆட்டம் மட்டுமல்ல, எல்லாமே அங்கேதான். பன்னிரண்டு அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து, சில வாரங்களில் ஆடவிட்டு, கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மதுரையில் ஒருவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாலும் வாங்க டிக்கெட் இல்லை. சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஆடும் முறை இந்த லீக்குக்கு 2023-24 சீசனில்தான் வந்தது.

ஆட்டம் பார்ப்பது ஒரு பழக்கம். அது படிய ஊரும் கிழமையும் நேரமும் மாறாமல் இருக்க வேண்டும். பெண்கள் லீக்குகளுக்குக் கடைசியாகக் கிடைப்பது அதுதான்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பௌல் மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர் கூடினார்கள். அந்த உற்சாகத்தில் 2001ல் ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். ஐந்து வருஷத்துக்கு என்று ஒதுக்கிய 4 கோடி டாலர் முதல் வருஷமே கரைந்தது. 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கோப்பைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இழுத்து மூடினார்கள். இரண்டாவது லீக் 2009ல் வந்து, மூன்று சீசனோடு போனது. மூன்றாவது 2013ல், மிகச் சிக்கனமாக ஆரம்பித்தது. தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தைக் கால்பந்துச் சங்கங்களே ஏற்றுக்கொண்டன. மற்றவர்களுக்கு ஒரு சீசனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர். நியாயமான கூலி இல்லைதான், அந்தப் பெண்கள் தங்கள் வயிற்றைக் கட்டித்தான் லீக்கை நிலைக்க வைத்தார்கள் என்றே சொல்வேன். ஆனால் லீக் நிலைத்தது. இன்று சனிக்கிழமை இரவு என்றால் இந்தச் சேனலில் பெண்கள் கால்பந்து என்று அங்கே ஆகியிருக்கிறது. கன்சாஸ் சிட்டி அணி 2024ல் தனக்கென்றே 11,500 இருக்கைகளோடு மைதானம் கட்டிக்கொண்டது. ஆண்கள் அணியிடம் தேதி கேட்டுக் காத்திருக்கும் வேலை அத்தோடு போயிற்று.

சரி, இலவச டிக்கெட் விஷயம். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, சும்மா கிடைத்த டிக்கெட்டுக்கு மதிப்பு குறைவு. ஆனால் அந்தக் கிரிக்கெட் லீக் ஏழை லீக் அல்ல. ஐந்து அணிகளை ஏலத்தில் எடுக்க முதலாளிகள் கிட்டத்தட்ட 4,670 கோடி ரூபாய் கொட்டினார்கள். ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை மட்டும் 951 கோடி. சந்தை சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. குறை வேறு இடத்தில். 2023ல் 22 ஆட்டங்களும் மும்பை வட்டாரத்திலேயே நடந்தன. உத்தரப் பிரதேசத்தின் பெயரில் இருக்கும் அணி லக்னோவில் ஆட 2025 வரை ஆயிற்று. 2024ல் பெங்களூருவுக்கு ஆட்டங்கள் வந்தபோது சின்னசாமி மைதானத்தில் எழுந்த சத்தத்தை டிவியில் கேட்டிருப்பீர்கள். அந்த வருஷமே பெங்களூரு பெண்கள் அணி கோப்பையும் வாங்கியது, ஆண்கள் அணிக்கு ஒரு வருஷம் முன்னால். (பெங்களூரு நண்பர்களிடம் இதைச் சொல்லிக் காட்டுவதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு.) 2026 சீசனில் பெங்களூருவுக்கு ஓர் ஆட்டம்கூட இல்லை. நவி மும்பை, வதோதரா, அவ்வளவுதான். காரணம் ஆயிரம் இருக்கலாம், ஆனால் பழகிய கூட்டத்தை இப்படித்தான் கலைப்பார்கள். ஐ.பி.எல். 2008ல் தொடங்கியபோது எட்டு அணிக்கும் முதல் நாளிலிருந்தே சொந்த ஊரில் ஆட்டம் இருந்தது என்று கணவருக்கு நினைவுபடுத்துங்கள்.

உங்களால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. மகளிர் கால்பந்து லீக் அட்டவணை வந்ததும் சேதுவின் ஆட்டங்கள் எங்கே, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் இருந்தால் மகளின் அணிப் பிள்ளைகளோடு ஒரு வேன் பிடித்துப் போய்விட்டு வாருங்கள், காசு கொடுத்தே. வார நாளில் பள்ளி விடும் முன்பே ஆட்டம் வைத்திருந்தால் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். எனக்கு எழுதியதைவிடக் கொஞ்சம் கோபமாகவே எழுதலாம்.