ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்க்கக் கடன் வாங்கலாமா?

அம்மா, உங்கள் பெண்ணின் ரெஸ்யூமேயைப் பார்த்தேன். படிப்பு முடிந்தும் எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை, காட்டிக்கொள்ள எதுவும் இல்லை, அதனால் கடன் வாங்கியாவது டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கச் சொல்லி அவளுடைய மாமா நெருக்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள்.

காட்டிக்கொள்ள எதுவும் இல்லை என்பதும் சரியில்லை. ஸ்கில்ஸ் என்ற தலைப்பின் கீழ் பதினெட்டு சொற்கள் இருக்கின்றன. ஜாவா, பைத்தான், எக்செல், தலைமைப் பண்பு, கடின உழைப்பு... எதற்கும் பக்கத்தில் ஆதாரம் கிடையாது. இதில் பத்தொன்பதாவதாக ஒரு சொல்லைச் சேர்க்கவா கடன்?

இன்னொன்று, அவளிடம் பேசினால் உங்களுக்கே தெரியும். எந்த ஆப்பைக் கொடுத்தாலும் அது எங்கே மக்கர் செய்கிறது என்று நோண்டுவதில்தான் அவளுக்கு ஆசை. டேட்டா சயின்ஸுக்கு அடிப்படையான புள்ளியியல் என்றாலே முகம் சுருங்குகிறது. அவளுக்கு ஏற்றது சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. கோடிங் வராதவர்கள் செய்கிற வேலை அது என்று மாமா சொல்வார், சொல்லட்டும்.

வேலைத் தளங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. கடிதம், கணக்கு அட்டவணை போன்றவற்றைத் தயாரிக்க லிபரே ஆஃபிஸ் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் பிழைகளைப் பதிய பக்ஸில்லா என்றொரு பொதுத் தளம் உண்டு, யாரும் கணக்குத் தொடங்கலாம், கட்டணம் இல்லை. புதிதாக வரும் அறிக்கை ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று நிற்கும். வேறொருவர் தன் கணினியில் அதே படிகளைச் செய்து பார்த்து, அதே பிழை வந்தால் ‘நியூ’ என்று மாற்றுவார், விவரம் போதாவிட்டால் ‘நீட்இன்ஃபோ’ போட்டுக் கேட்பார். உங்கள் பெண் இந்தச் சரிபார்ப்பிலிருந்தே தொடங்கலாம். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன வர வேண்டும், என்ன வந்தது, பழைய பதிப்பில் சரியாக இருந்து இடையில் கெட்டதா என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. கடைசியாகச் சொன்னதை டெஸ்டிங்கில் ரிக்ரஷன் என்பார்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் ஓர் எண்ணும் இணைப்பும் இருப்பதால், அவள் எழுதியதை வேலை கொடுப்பவர் அங்கேயே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு ரெஸ்யூமேயில் ‘டெஸ்டிங் தெரியும்’ என்று எழுதத் தேவையில்லை. “லிபரே ஆஃபிஸ் கால்க்: பயனர்களின் பிழை அறிக்கைகளைச் சரிபார்த்து, பிழை எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று கண்டறிந்தேன்” என்று எழுதி (கால்க் என்பது அதன் கணக்கு அட்டவணைப் பகுதி), இரண்டு நல்ல அறிக்கைகளின் இணைப்பைக் கொடுத்தால் போதும். விளம்பரத்தில் ‘ரிக்ரஷன் டெஸ்டிங்’ என்று இருந்தால், உண்மையிலேயே செய்திருக்கிற பட்சத்தில், அதே சொல்லைப் போடட்டும்; பல நிறுவனங்களில் ரெஸ்யூமேக்களின் முதல் வடிகட்டலை மென்பொருள்தான் செய்கிறது. அப்புறம் அந்த நட்சத்திரங்கள்! பைத்தானுக்கு ஐந்தில் நான்கு என்று தனக்குத்தானே மார்க் போட்டிருக்கிறாள், அதை உடனே எடுக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் ஐந்து நிமிடம் விளக்க முடிந்தால் பைத்தான் இருக்கட்டும், முடியாவிட்டால் நீக்கிவிடலாம். கடின உழைப்பு, தலைமைப் பண்பு என்ற சொற்களை யோசிக்காமல் நீக்கிவிடலாம்.

இதனால் வேலை நிச்சயமா என்று மாமா கேட்பார். நிச்சயமில்லை. அந்தக் கோர்ஸ் நடத்துபவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள்.