பயிற்சியாளர் யாராக இருந்தால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

2025 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் தேடியபோது, “காலித் ஜமீலுக்குக் கொடுங்கள், அவர் நம் ஆள்” என்று எழுதியிருந்தீர்கள். அன்று தொடங்கிய சண்டை எங்கள் ஊர் டீக்கடையில் இன்னும் ஓயவில்லை. நான் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் கட்சி. நண்பர் ஒருவர் ஸ்லோவாக்கியாவின் தார்கோவிச்சை விட மாட்டேன் என்கிறார். கடைசியில் ஜமீல்தான் வந்தார். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பைக்கே போக முடியாமல் போய்விட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்? எங்கள் கூட்டத்தில் விவசாயி ஒருவர் இருக்கிறார். “வாய்க்கால் தூர் வாராமல் கிடக்கிறது, எந்த லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்கினால் என்ன?” என்கிறார். (லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர்.) அவர் சொல்வதுதான் சரியோ?

கே., பாபநாசம்

அன்புள்ள கே.,

அந்த மூன்று பேரில் இன்று கேட்டாலும் ஜமீலைத்தான் சொல்வேன். ஆனால் அன்று நான் சொன்ன காரணம் தப்பு. நம் ஆள் என்பது ஒரு தகுதி ஆகாது. உங்கள் கடிதத்தில் அந்த வரியை மறுபடி படித்தபோது வருத்தமாக இருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது மிசோரம் கிளப்பான ஐஸ்வாலின் கதை. அப்போது நாட்டின் முக்கிய கிளப் போட்டியாக இருந்த ஐ-லீகில் 2015-16இல் கீழே இறக்கப்பட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி அது. மும்பை எஃப்சி வேண்டாம் என்று அனுப்பிய ஜமீல் அங்கே போனார். அடுத்த பருவத்திலேயே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், பெங்களூரு எல்லோரையும் தாண்டி ஐஸ்வால் சாம்பியன். இருப்பதை வைத்துக்கொண்டு ஆடத் தெரிந்தவர் அவர். இந்திய அணிக்குத் தேவை அந்தக் கைதான்.

உங்கள் ஆளையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015இல் இரண்டாம் முறை வந்த கான்ஸ்டன்டைன், தரவரிசையில் 170க்கும் கீழே கிடந்த அணியை 100க்குள் கொண்டுவந்தார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றது அவர் காலத்தில்தான். ஆனால் அவர் இரண்டு முறை இருந்து பார்த்துவிட்டார். தார்கோவிச் யூரோ 2020இல் ஸ்லோவாக்கியாவை நடத்தியவர், சரி. ஐரோப்பிய லீக்குகளில் ஆடிப் பழகியவர்களை அங்கே அவர் வரவழைத்துக்கொள்ளலாம். இங்கே 2025இல் நம் முதன்மை லீக்கான ஐஎஸ்எல் எப்போது தொடங்கும் என்றே யாருக்கும் தெரியவில்லை.

சிங்கப்பூர் தோல்வியை நானும் மன்னிக்கவில்லை. நம் சாங்டே முதல் கோலை அடித்த பிறகு விட்டுக்கொடுத்த ஆட்டம் அது. ஆனால் ஜமீல் ஆகஸ்டில் பொறுப்பேற்றபோது தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் முடிந்து கையில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. அதற்கு முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ், பொறுப்பின் முதல் பருவம் முழுக்க எஃப்சி கோவா என்ற கிளப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், மோகன் பகான் தன் ஆட்டக்காரர்களை அனுப்பாத நிலையிலும், மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கம் நடத்தும் காஃபா கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வந்தோமே, அதை டீக்கடையில் யாரும் எடுத்துச் சொல்லவில்லையா?

இப்போது உங்கள் விவசாய நண்பருக்கு. தூர் வாராத வாய்க்கால் என்று அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் தண்ணீர் குறைந்து முறை வைத்து விடும் நாட்களில்தானே நல்ல லஸ்கர் யார் என்று தெரிகிறது? ஆறு நிறையத் தண்ணீர் ஓடும்போது யார் இருந்தாலும் பாயும். கடைமடைக்காரர்களைக் கேட்டால் ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு கரையோடு வந்த ஆளை இன்றும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கும்பகோணம் பக்கம் நான் படித்த பள்ளியில் பந்து எங்கே போகிறதோ அங்கே பதினோரு பேரும் ஓடுவோம். அதுதான் எங்கள் ஆட்டம். புதிதாக வந்த பி.டி. வாத்தியார் தடுப்பில் நிற்கும் நாலு பேரைக் கூப்பிட்டார். பக்கத்துக் களத்தில் வைக்கோல் எடுத்து, பிரி திரித்து, எங்கள் நாலு பேர் இடுப்பையும் ஒன்றோடு ஒன்று கட்டினார். ஒருவன் பந்தைப் பார்த்துப் பாய்ந்தால் பிரி அறுந்துவிடும். அறுந்தால் நாலு பேரும் உட்கார்ந்து மறுபடி திரிக்க வேண்டும். முதல் நாள் எத்தனை முறை அறுந்தது என்று கணக்கில்லை. வைக்கோல் சுணை பட்டு இடுப்பெல்லாம் அரிப்பு. ஒரு மாதம் கழித்துப் பிரி இல்லாமலே நாலு பேரும் ஒன்றாக நகர்ந்தோம். அதே பையன்கள், அதே கிழிந்த பந்து.

ஜமீலுக்குப் பிறகு யார் என்ற பேச்சு வரும்போது, வருகிறவர் எந்த நாடு என்று கேட்காதீர்கள். மோசமான அணி ஒன்று அவர் கையில் எப்போதாவது இருந்ததா, அதை என்ன செய்தார் என்று கேளுங்கள்.

தாளடி அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் உங்கள் பக்கம் பையன்கள் பந்து ஆடுவார்கள் அல்லவா? தேதி எழுதுங்கள், வருகிறேன்.