வாசகர் கேள்வி: மலையாள நாட்டு அரண்மனைத் தோட்டங்கள்

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பலமுறை போய் வந்துவிட்டோம். செடி கொடிகள் என்றால் என் அம்மாவுக்கு உயிர். பழைய அரசர்களின் தோட்டங்கள் கேரளத்தில் இன்றும் பார்க்கும்படி இருக்கின்றனவா? அம்மாவுக்கு மூட்டுவலி; அதிகம் படி ஏற இயலாது.
– ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: இருக்கின்றன. ஆனால் காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தைப் போல நேராக ஓடும் நீர்க்கால்களையும் அளவெடுத்து அமைத்த பாத்திகளையும் எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். மழை மிகுந்த மலையாள நாட்டு அரண்மனைகளில், படித்துறை கட்டிய குளமும், பெருமரங்கள் நிற்கும் வளாகமும், நாகங்களுக்கென்று வெட்டாமல் விட்டுவைத்த சோலையான காவுமே தோட்டத்தின் உயிராக இருப்பவை.

உங்கள் அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது காயங்குளத்தை அடுத்த கிருஷ்ணபுரம் அரண்மனை. காயங்குளத்தை வென்று திருவிதாங்கூருடன் சேர்த்த மார்த்தாண்டவர்மரின் காலத்தோடு, அதாவது 18ஆம் நூற்றாண்டோடு தொடர்புடைய இது, பத்மநாபபுரத்தைவிட மிகச் சிறியது. ஆகவே தோட்டத்தில் நிதானமாக உட்கார நேரம் கிடைக்கும். கேரள மண்ணுக்குரிய செடி மரங்களுக்கிடையே பழைய புத்தர் சிலை ஒன்றும் அங்கே இருக்கிறது. அரண்மனையை ஒட்டிய குளத்தையும், குளத்திலிருந்து உள்ளே வரும் வழியில் தீட்டப்பட்ட கஜேந்திர மோட்ச ஓவியத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏறத்தாழ 154 சதுர அடி பரப்புள்ள அந்தச் சுவரோவியத்தின் கதையே தாமரைக் குளத்தில் யானையை முதலை பற்றியதுதான் என்பதால், நீராடி வருபவரின் கண்ணில் படும்படி அதை அங்கே வரைந்தவர்களின் பொருத்த உணர்வு எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. போகும் வழியில், கருவறைக் கட்டடமே இல்லாமல் மரத்தடியில் வழிபாடு நடக்கும் ஓச்சிறை பரபிரம்மம் கோயிலையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

இரண்டாவதாக, கொச்சி மன்னர் சக்தன் தம்புரானின் பெயர் கொண்ட திருச்சூர் அரண்மனை. 1795இல் கேரள, டச்சுப் பாணிகள் கலந்து புதுப்பிக்கப்பட்ட இதன் வளாகத்தில் மரபுத் தோட்டமும் நாகக் காவும் சக்தன் தம்புரானின் சமாதியும் உள்ளன. ஒரு காவு தழைக்கப் பல தலைமுறை ஆகும். ஆகவே அதை வெளியே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாற்றோ விதையோ எடுக்க வேண்டாம்.

கொச்சி அரச குடும்பத்தார் 1865இல் கட்டிய திருப்பூணித்துறை ஹில் பேலஸ், 49 கட்டடங்களுடன் 54 ஏக்கரில் விரிந்தது. மூலிகைத் தோட்டமும் மான் பூங்காவும் இருந்தாலும், குன்றின் மேல் அமைந்திருப்பதால் மூட்டுவலிக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால், திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் கட்டிய கனகக்குன்னு அரண்மனை வளாகமும் அருகிலுள்ள அருங்காட்சியகத் தோட்டமும் போதும்.

குழித்துறையிலிருந்து காயங்குளத்துக்கு ரயிலிலேயே போகலாம். துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. கிருஷ்ணபுரம், திருச்சூர், ஹில் பேலஸ் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.