பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் கல்யாணப் படங்களை மீட்க முடியுமா?

கேள்வி: போச்சம்பள்ளியில் அப்பா நடத்திய ஸ்டூடியோவை இப்போது நான் கவனித்துக்கொள்கிறேன். 2005 வாக்கில் எடுத்த கல்யாணப் படங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதை இயக்கிப் பல வருடங்கள் ஆகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் அகலமான பட்டை வயர் மாட்டியிருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கேட்டால், தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தூக்கிப் போட வேண்டாம். ஓடுகிறதா பார்ப்போம் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கவும் வேண்டாம். 2000-களின் தொடக்கத்தில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகங்கள்) உலகம் முழுக்கப் பரவியிருந்தன. மதர்போர்டில் உள்ள சின்ன உருளைகளின் தலை உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அவைதான். பவர் சப்ளைப் பெட்டிக்குள்ளும் அவை இருக்கலாம், அதைத் திறக்காதீர்கள். அதிலிருந்து மின்னழுத்தம் தாறுமாறாக வந்தால் நல்ல டிஸ்க்கும் கெட்டுவிடும். டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுங்கள்.

அந்தப் பட்டை வயர் இணைப்புக்கு ஐடிஇ என்று பெயர். 1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பேக் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. அதற்கு முன் டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் தனி கார்டாகக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கார்டு போனால் டிஸ்க்கைப் படிப்பது பெரும்பாடு. ஐடிஇ அந்தக் கன்ட்ரோலரை டிஸ்க்கின் அடியிலேயே பொருத்திவிட்டது. உங்கள் வேலை இன்று சுலபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: படிக்கத் தெரிந்த பகுதி டிஸ்க்கோடு ஒட்டியே இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது ஓர் இணைப்பு மட்டும்.

ஐடிஇ ஒரே நேரத்தில் 16 பிட்களைப் பக்கம் பக்கமாக அனுப்பும். வேகம் கூடக் கூட வயர்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்தன. 40 வயருக்கு இடையே 40 எர்த் வயர்களைச் சேர்த்து 80 ஆக்கியும் நொடிக்கு 133 எம்பியோடு நின்றுபோனது. 2003-இல் வந்த சாட்டா என்ற புதிய இணைப்பு, பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியே நொடிக்கு 150 எம்பியில் தொடங்கியது. பட்டை வயர் காணாமல் போனது அப்படித்தான்.

நீங்கள் வாங்க வேண்டியது யுஎஸ்பி – ஐடிஇ கன்வெர்ட்டர். ஆன்லைனில் கிடைக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போகிறவர்களிடமும் சொல்லிவிடலாம். அதனுடன் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பியில் வருவது 5 மட்டுமே.

டிஸ்க்கின் பின்புறம் பட்டைக்கும் பவர் பின்களுக்கும் நடுவே அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதுதான் ஜம்பர்; ஒரே வயரில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது முதல் டிஸ்க் (மாஸ்டர்), எது இரண்டாவது என்று சொல்வது அது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள படத்தைப் பார்த்து மாஸ்டர் இடத்தில் செருகுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியாக ஓடும்போது பெரும்பாலும் ஜம்பரே தேவைப்படாது. நாலு பின் பவர் பிளக்கின் இரண்டு மூலைகள் சீவியிருக்கும்; அந்தப் பக்கம் பொருந்தும்படி மட்டும் செருகுங்கள். திருப்பி அழுத்தினால் 5 வோல்ட் வழியில் 12 வோல்ட் பாய்ந்து சர்க்யூட் எரிந்துவிடும்.

இணைத்ததும் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஃபோல்டருக்குள் நுழைய அனுமதி இல்லை என்றால் பயப்பட வேண்டாம். அது பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணக்கின் பூட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக உரிமையை மாற்றிக்கொள்ளலாம். முக்கியமான கல்யாணங்களை முதலில் நகலெடுங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் இழுக்க முயன்று பாதியில் டிஸ்க் நின்றுபோனால், வேண்டியது கிடைக்காமலே போகலாம்.

சீரான சுழல் சத்தம் வந்தால் நல்லது. டக், டக் என்று விட்டுவிட்டு அடித்தால் உடனே அடாப்டரைப் பிடுங்குங்கள். டிஸ்க்குக்குள் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது; மூடியைத் திறந்தால் ஒரு தூசியே தட்டைக் கீறிவிடும். அந்த நிலையில் டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு அதிகம் ஆகும், முதலில் மதிப்பீடு கேட்டுவிட்டுக் கொடுங்கள்.