பெயரை மறைத்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறதே!

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் (தொழிலாளர்கள் வசிக்கும் வரிசை வீடுகள்), அதற்குக் கீழே சரிவில் இருக்கும் இரண்டு பழங்குடி கிராமங்களுக்கும் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் நான். நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார்கள். பெயரை மறைத்துப் போட்டாலும் இன்னார் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. வேலையாட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி "லைனில் யாருக்கு டி.பி.?" என்கிறார். பெண் கேட்டு வருகிறவர்கள் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) பரிசோதனைக் கார்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். சொன்னால் பாவம், சொல்லாவிட்டால் பகை. என்ன செய்வது?

பதில்: பெயரை மறைப்பது கோயம்புத்தூரில் ஓரளவு உதவும். பத்து வீடு உள்ள லைனில் அது எதையும் மறைக்காது. "பெண், 34 வயது, ஏழாம் மாதம், சுகர் 240" என்று எழுதினால், அந்த லைனில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒரே ஒருவர்தான் இருப்பார். வயது, வீட்டு எண், எந்தக் கிராமம், எந்த நாளில் போனீர்கள் என்பதெல்லாம் உங்கள் ஊரில் பெயருக்குச் சமம். அதனால் எதை அனுப்புவதற்கு முன்பும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பார்க்கப்போகிறவருக்கு, அவர் செய்யும் வேலைக்கு, இது தேவையா?

குரூப்பில் இருபது முப்பது பேர் இருப்பார்கள். அவர்களில் பலருக்குத் தேவை எண்ணிக்கை மட்டுமே. "இன்று 14 வீடு முடிந்தது, பிரஷர் அதிகம் 2, மேல்சிகிச்சைக்குச் சொல்லியாச்சு" என்று போட்டால் போதும். அந்த இரண்டு பேர் யார் என்பது கிராம சுகாதார செவிலியருக்கும் டாக்டருக்கும் தெரிந்தாக வேண்டும். அதை அவர்களிடம் நேரிலோ போனிலோ சொல்லுங்கள். போட்டோதான் வேண்டும் என்று மேலே இருப்பவர் வற்புறுத்தினால், மறுப்பது போல இல்லாமல் இப்படி எழுதலாம்: "சார், விவரம் எல்லாம் இருக்கிற பக்கம் இது. குரூப்பில் போடாமல் உங்கள் நம்பருக்குத் தனியாக அனுப்பட்டுமா?" பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். அந்தக் குரூப்பை உருவாக்கும்போது யாரும் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

போன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பூட்டு போடுங்கள். வாட்ஸ்அப் படங்கள் தானாக கேலரியில் சேமிக்கப்படுவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கார்ட்டூன் பார்க்கப் போனை வாங்கும் பிள்ளை அடுத்த வீட்டு ரிப்போர்ட்டையும் பார்க்கும். அனுப்பி முடித்த படத்தை அழியுங்கள். பழுது பார்க்கக் கடையில் கொடுப்பதற்கு முன்பும் அப்படியே. மாற்றலாகிப் போனவர் இன்னும் குரூப்பில் இருக்கிறாரா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் மலையில் ரகசியம் போன் வழியாக மட்டும் கசிவதில்லை. லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். மீட்டரில் வரும் எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், படிக்கத் தெரியாதவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். மாமியாரோ கணவரோ "என்ன சொன்னாங்க?" என்று உங்களைக் கேட்டால், "அவங்ககிட்டயே கேளுங்க, எல்லாம் விளக்கமா சொல்லியிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே நகரலாம். பள்ளத்தில் சிக்னல் இல்லை என்று மேலே ஏறி வந்து, டீக்கடை வாசலில் நின்று செவிலியரிடம் பெயரோடு விவரம் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த அழைப்பைப் பத்து அடி தள்ளிப்போய்ப் பேசுங்கள். இருளர், குறும்பர் வீடுகளில் பேச்சு புரியாதபோது பக்கத்து வீட்டுப் பையனை மொழிபெயர்க்கக் கூப்பிடுவதும் வேண்டாம். யாரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டாரையே கேளுங்கள். பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்போது இது ரொம்ப முக்கியம்.

நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை மாதங்களில் பை நனைந்துவிட்டால் யார் வீட்டு அடுப்பங்கரையிலாவது அதை விரித்துக் காயவைக்கத் தோன்றும். ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிவிட்டால் அந்த வேலையே இல்லை. முடிந்த நோட்டுகளைச் சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் கிடந்தால் என்றாவது எடைக்குப் போகும். அப்புறம் யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு வர்க்கி மடித்த காகிதமாக ஊர் சுற்றும்.

மேஸ்திரிக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். தொற்றிவிடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். டி.பி. நோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம்தான். ஆனால் அந்தத் தகவல் போக வேண்டிய இடம் சுகாதாரத் துறை, எஸ்டேட் ஆபீஸ் இல்லை. கூட வசிப்பவர்களைப் பரிசோதிப்பதும் டி.பி. திட்டப் பணியாளர்களின் வேலை. சரியாக மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் அவரிடம், "யாருக்கு என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பயமாக இருந்தால் லைன் முழுக்கப் பார்க்க ஒரு முகாம் கேட்போம், நீங்களும் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கவலைக்கும் அது வழி.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகக் கடினமாகப் படுவது சிக்கிள் செல் கார்டுதான். இந்தியாவில் இந்த ரத்தக் குறைபாடு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952ல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்களால். 2023ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்துக் கார்டு தருகிறார்கள். நோக்கம் நல்லது: தாயும் தந்தையும் இருவருமே கடத்துபவர்களாக (தனக்கு நோய் இல்லாமலே பிள்ளைக்கு இதைக் கொடுக்கக்கூடியவர்களாக) இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோயாகவே வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்வது உதவும். கடத்துபவர் என்பவர் பொதுவாக ஆரோக்கியமானவர்தான். ஆனால் ஊர் வாயில் "ரத்தத்துல குறை" என்று விழுந்துவிட்டால், பெண்ணுக்குத்தான் சம்பந்தம் தட்டிப்போகும். அவளோடு பிறந்தவர்களையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஆகவே விசாரிக்க வருகிறவரிடம் ஆம், இல்லை இரண்டையும் சொல்லாதீர்கள். "அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை" என்று நல்லெண்ணத்தில் சொன்னால், அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் மௌனமாக இருப்பதே பதிலாகிவிடும். எல்லோரைப் பற்றியும் ஒரே பதில்: "யார் கார்டைப் பற்றியும் நான் பேசுவதில்லை. பையனும் பெண்ணும் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போய் ஆலோசனை கேட்கட்டும்." பையனின் கார்டையும் யாராவது கேட்டார்களா என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டு வைத்தாலும் தப்பில்லை.

எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 2017ம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியில் சொல்லக்கூடாது. துணைவருக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் டாக்டருக்கோ ஆலோசகருக்கோ மட்டும்தான், அதுவும் நிபந்தனைகளோடு. உங்களுக்குத் தற்செயலாகத் தெரியவந்தாலும் உங்களோடு நிற்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லியே ஆக வேண்டியவையும் உண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால், தெரிந்த எவரும் போலீஸுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் உடனே உதவி கிடைக்கும். ஒருவர் சாகப்போகிறேன் என்கிற நிலையில் பேசினாலும் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். கூடவே இருங்கள், செவிலியரை அழையுங்கள், 14416 மனநல உதவி எண்ணையும் பயன்படுத்துங்கள். கணவர் அடிக்கிறார் என்று வயதுக்கு வந்த ஒரு பெண் சொன்னால் அது வேறு: பெண்கள் உதவி எண் 181 பற்றிச் சொல்லுங்கள், ஆனால் அவர் தயாராகும் முன் நீங்களாக ஊர்ப் பெரியவரிடம் எடுத்துப்போகாதீர்கள். அன்று இரவு அதே வீட்டில் படுக்க வேண்டியவர் அவர். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

ஏற்கெனவே கசிந்துவிட்டது என்றால், முதலில் சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். டீக்கடையில் அவர் கேட்கும்படி விடக்கூடாது. பிறகு செவிலியரிடமும் மருத்துவ அலுவலரிடமும் என்ன, எப்போது, யாருக்குப் போனது என்று எழுதிக் கொடுங்கள். குரூப்பில் போட்ட படத்தைச் சுமார் இரண்டு நாளுக்குள் எல்லோருடைய போனிலிருந்தும் நீக்க முடியும். அதற்குள் யாராவது சேமித்திருந்தால் அழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான். மற்றவர் போட்டதை நீக்கும் வசதி அட்மினுக்கு உண்டு, எனவே உங்கள் குரூப்பின் அட்மின் யார் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.